பாடுறவன் யாரு? ‘மூடுபனி’யும் அதைப் பார்த்த மூணு தலைமுறையும்

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கியும் திருத்தியும் தரப்பட்டுள்ளது.)

இந்த வாரம் ஒரு பாட்டுல இருந்து ஆரம்பிக்கலாம். ‘என் இனிய பொன் நிலாவே’. இது தெரியாதவங்க இந்த பாட்காஸ்ட் கேக்கறவங்கள்ல யாரும் இருக்க மாட்டீங்க. கல்யாண ரிசப்ஷன்ல ஆர்கெஸ்ட்ரா, ஆபீஸ் ஆண்டு விழாவுல கிட்டார் வாசிக்கத் தெரிஞ்ச ஒரே ஒரு ஆளு, நைட் பஸ்ல டிரைவர் போடற பென்டிரைவ், ஸ்டேட்டஸ், ரீல்ஸ்னு இது போகாத இடம் கிடையாது. கே.ஜே. யேசுதாஸ் குரல், கங்கை அமரன் வரிகள், இளையராஜா இசை. 2025-ல ‘அகத்தியா’ படத்துக்காக இந்தப் பாட்டை மறுபடி உருவாக்கினப்ப, இதோட உரிமை யாருக்குன்னு டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போச்சு. நாப்பத்தஞ்சு வருஷமாகியும் சண்டை போடற அளவுக்கு மதிப்பு இருக்கற பாட்டு.

பாட்டு யாருக்குச் சொந்தம்ங்கறதை கோர்ட் பாத்துக்கும். என் கேள்வி வேற. படத்துல இதை யாரு பாடறாங்க? யாருக்குப் பாடறாங்க?

ஆபீஸ்ல என் கூட வேலை பாக்கற பசங்ககிட்ட கேட்டேன். “ஹீரோ ஹீரோயினுக்குப் பாடறது”, “பிரேக்கப் ஆனதுக்கப்புறம் பாடறது”, “ஊட்டி பாட்டு ப்ரோ”. எல்லாம் சுத்தி சுத்தி காதல்லயே வந்து நின்னுது.

பதில் இதுதான். பாடறவன் தொடர் கொலைகாரன். கேக்கறவ, அவன் கடத்திட்டு வந்து ஊட்டியில ஒரு வீட்ல அடைச்சு வச்சிருக்கற பொண்ணு. அவளுக்கு வேற ஒருத்தரோட கல்யாணம் நிச்சயமாகியிருக்கு.

தமிழ்ல வந்த நல்ல திகில் படங்கள்ல ஒண்ணு ‘மூடுபனி’. நாவல்ல இருந்து எடுத்த படம். அதைப் பார்த்தவங்க அப்ப என்ன சொன்னாங்க, இப்ப என்ன சொல்றாங்க, நடுவுல எது காணாமப் போச்சுங்கறதுதான் இன்னைக்கு எபிசோட்.

படம், ஆட்கள், வருஷம்

‘மூடுபனி’ 1980-ல வந்தது. இயக்கமும் ஒளிப்பதிவும் பாலு மகேந்திரா. இலங்கையில மட்டக்களப்புப் பக்கம் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில ஒளிப்பதிவு படிச்சவர். இயக்குநரா இது அவருக்கு மூணாவது படம். முதல் படம் கன்னடத்துல ‘கோகிலா’ (1977), அடுத்தது தமிழ்ல ‘அழியாத கோலங்கள்’ (1979). அந்த ரெண்டுக்கும் இசை சலில் சௌத்ரி. மூணாவதுல இளையராஜா வர்றார். 1976-ல ‘அன்னக்கிளி’யில ஆரம்பிச்சவருக்கு இது 100-வது படம். நாலு வருஷத்துல 100!

நடிச்சவங்க பிரதாப் போத்தன், ஷோபா, பானுசந்தர். கதை பெங்களூர்ல ஆரம்பிக்குது. பாலியல் தொழில் செய்யற பெண்கள் ஒவ்வொருத்தரா கொல்லப்படறாங்க. செய்யறது சந்துரு, அதாவது பிரதாப். அவன் சின்னப் பையனா இருந்தப்ப, அப்பா வேற ஒரு பெண்ணோட உறவு வச்சுக்கிட்டு அம்மாவைக் கொடுமைப்படுத்தினதைப் பார்த்து வளர்ந்தவன். அந்த வெறுப்புதான் கொலைக்குக் காரணம்னு படம் சொல்லுது. அப்புறம் ரேகாவைப் பாக்கறான், அதாவது ஷோபாவை. இவ கூட இருந்தா நான் சரியாயிடுவேன்னு முடிவு பண்றான். ரேகாகிட்ட யாரும் கேக்கல. ஊட்டிக்குத் தூக்கிட்டுப் போறான்.

பேய் கிடையாது. பங்களாவுல தானா ஆடற ஊஞ்சல் கிடையாது. ஒரு வீடு, பனி, ரெண்டு பேரு. அவ்வளவுதான்.

“பேயே வரல, என்ன பேய்ப்படம்?”

எங்க ஊர் மடத்துக்குளம். உடுமலைக்கும் பழனிக்கும் நடுவுல, அமராவதி ஆத்துப் பக்கம். 80-கள்ல எங்க மாதிரி ஊருக்கெல்லாம் படம் ரிலீஸ் அன்னைக்கு வராது. பெரிய ஊர்ல ஓடி முடிச்சு, பிலிம் பொட்டி கைமாறி கைமாறி, மழைக்கோடு விழுந்த பிரிண்ட்தான் டென்ட் கொட்டாய்க்கு வரும். தரை டிக்கெட், பெஞ்சு, சேர். மணலைக் குமிச்சு மேல உக்காந்துக்கிட்டா முன்னாடி இருக்கறவங்க தலை மறைக்காது.

எங்க பெரியப்பா அப்படித்தான் ‘மூடுபனி’ பாத்திருக்கார். கேட்டப்ப அவர் சொன்ன மொத்த விமர்சனமும் இதுதான்: “பயமா இருக்கும்னானுங்க. கடைசி வரைக்கும் பேயே வரலையே சாமி.”

சிரிப்பு வரும். ஆனா இது ஒரு முக்கியமான கருத்து. அதுவரைக்கும் நம்ம சினிமாவுல பயம்னா என்னன்னு பழக்கியிருந்தாங்கன்னு யோசிங்க. 1966-ல ‘யார் நீ?’. வெள்ளைப் புடவை, ராத்திரி, மழை, பாட்டு. பேய்னு நினைச்சது கடைசியில மனுஷ சதின்னு முடியும். 1967-ல ‘அதே கண்கள்’. முகமூடிக் கொலைகாரன், குடும்பத்துக்குள்ளேயே சந்தேகம். 1978-ல ‘ஆயிரம் ஜென்மங்கள்’. அதுல நிஜமாவே ஆவி உடம்புக்குள்ள வரும். பயத்துக்கு ஒரு யூனிஃபார்ம் இருந்துச்சு. அதைப் பார்த்தா பயப்படணும்னு ஆடியன்ஸுக்கும் தெரியும்.

அதே 1978-ல பாரதிராஜாவோட ‘சிகப்பு ரோஜாக்கள்’ அந்த யூனிஃபார்மைக் கழட்டுச்சு. கொலைகாரன் கமல்ஹாசன். அழகா டிரெஸ் பண்ணுவான், பெரிய பிசினஸ் நடத்துவான், ஸ்ரீதேவியைக் காதலிச்சுக் கல்யாணம் பண்ணுவான். ரெண்டு வருஷம் கழிச்சு ‘மூடுபனி’ அதுக்கும் ஒரு படி மேல போகுது. சந்துருவைப் பார்த்தா பரிதாபமா இருக்கும். மெதுவாப் பேசறான். சின்னப் பையன் முகம். கிட்டார் வாசிக்கிறான்.

எங்க அமுச்சி முனி, காட்டேரி கதையெல்லாம் நிறையச் சொல்லும். அதுல எல்லாத்துக்கும் ஒரு வைத்தியம் இருக்கும். வேப்பிலை அடிக்கலாம், மந்திரிச்ச கயிறு கட்டலாம், புளியமரத்துப் பக்கம் உச்சி வெயில்ல போகாம இருக்கலாம். கிட்டார் வாசிக்கறவனுக்கு என்ன கயிறு கட்டறது? பெரியப்பா தேடின பேய் படத்துல இருந்துச்சு. அவர் எதிர்பார்த்த டிரெஸ்ல வரல, அவ்வளவுதான்.

நாவல்ல முகம் கிடையாது

படத்தோட மூலக்கதை ராஜேந்திரகுமார் எழுதின ‘இதுவும் ஒரு விடுதலைதான்’ நாவல். நம்ம ஜெனரேஷனுக்கு இவரை அவ்வளவாத் தெரியாது. பேரைக் கேட்டதும் க்ரைம் நாவல் ராஜேஷ்குமார்னு நினைச்சுக்குவோம். அவர் கோயம்புத்தூர்க்காரர், வேற ஆள். ராஜேந்திரகுமார் அவருக்கும் முந்தின தலைமுறை, வார இதழ்கள் கொடிகட்டிப் பறந்த காலத்துல நிறைய எழுதினவர். அவரோட ட்ரேட்மார்க் ஒரே ஒரு எழுத்து: ‘ஙே’. பாத்திரம் திகைச்சு நின்னா, ‘ஙே’ன்னு விழிக்கும். அரிச்சுவடியோட சரின்னு விட்டிருந்த ஒரு எழுத்துக்கு வேலை வாங்கிக் கொடுத்த மனுஷன்!

நாவல்ல இருந்து திகில் படம் எடுக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. புக்ல கொலைகாரனுக்கு முகம் கிடையாது. எழுத்தாளர் எவ்வளவு வர்ணிச்சாலும், படிக்கறவங்க தனக்குத் தெரிஞ்ச, தனக்குப் பயம் இருக்கற ஒரு முகத்தைத்தான் அங்க ஒட்டிக்குவாங்க. சினிமா அந்தச் சலுகையைக் கொடுக்காது. ஒரு நடிகரைக் கொண்டு வந்து நிறுத்தணும். நடிகர்னாலே பாக்கற மாதிரி இருக்கணும். அங்கேயே பாதி ஆட்டம் மாறிடுது.

இதுக்கு நல்ல உதாரணம், ‘மூடுபனி’யைப் பத்திப் பேசறவங்க எல்லாரும் இழுத்துட்டு வர்ற ‘சைக்கோ’.

நார்மனை மெலிய வச்ச கதை

1957 நவம்பர். அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல ப்ளெய்ன்ஃபீல்டுன்னு ஒரு சின்ன ஊர். எட் கீன்னு ஒருத்தனைக் கொலைக் கேஸ்ல கைது பண்றாங்க. அமைதியான ஆளு, அக்கம்பக்கத்துல சின்னச் சின்ன வேலை செய்யறவன். வீட்டுக்குள்ள போய்ப் பார்த்த போலீஸ்காரங்க அரண்டு போனாங்க. அதே மாநிலத்துல, ரொம்ப தூரம் இல்லாத இன்னொரு சின்ன ஊர்ல ராபர்ட் ப்ளாக்னு ஒரு எழுத்தாளர் குடியிருந்தார். எல்லாரையும் எல்லாருக்கும் தெரிஞ்ச சின்ன ஊர்ல, பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியாம ஒருத்தன் இப்படி இருக்க முடியுமாங்கற கேள்விதான் அவரைப் பிடிச்சுக்கிச்சு. 1959-ல ‘சைக்கோ’ நாவல் வருது.

நாவல்ல வர்ற நார்மன் பேட்ஸுக்கு 40 வயசு. குண்டு, கண்ணாடி, குடிப்பான். படிக்கறப்பவே கொஞ்சம் தள்ளி உக்காரலாம்னு தோணும். 1960-ல ஹிட்ச்காக் படமா எடுக்கறப்ப அந்த இடத்துல 27 வயசு அந்தோணி பெர்கின்ஸ். ஒல்லி, கூச்சம், அழகான சிரிப்பு. அது மட்டும் இல்ல. நாவல் நார்மன்கிட்ட ஆரம்பிக்கும். படம் பணத்தைத் திருடிட்டு ஓடற பொண்ணுகிட்ட ஆரம்பிக்கும். நாம அவ கூடவே கார்ல போயிட்டு இருப்போம். படம் பாதி தாண்டறதுக்குள்ள குளியலறையில அவளைக் கொன்னுடுவாங்க. முக்கால் நிமிஷக் காட்சி. அதை எடுக்க ஒரு வாரம் ஆச்சு.

அதுக்கு அடுத்து வர்றதுதான் நம்ம விஷயம். நார்மன் ரத்தத்தைத் துடைக்கிறான். உடலைக் காரோட டிக்கில வச்சு சதுப்புக்குளத்துல தள்ளி விடறான். கார் மெதுவா முழுகுது, பாதியில நின்னுடுது. அந்த ஒரு செகண்ட் உங்களைக் கவனிங்க. ‘ஐயையோ, முழுகாம போயிடுச்சே’ன்னு மனசு பதறும். யாருக்காகப் பதறுது? ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி செத்தவளுக்காகவா? இல்ல. தடயத்தை மறைக்கறவனுக்காக.

ஹிட்ச்காக் இதை வேணும்னே செஞ்சார். படம் ஆரம்பிச்சதுக்கப்புறம் யாரையும் தியேட்டருக்குள்ள விடக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டார். பத்திரிகைக்காரங்களுக்கு முன்கூட்டியே படம் காட்டல. லண்டன்ல பேர் பெற்ற விமர்சகர் சி.ஏ. லெஜூன் பாதியில எழுந்து போயிட்டார். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பாஸ்லி க்ரௌதர் முதல்ல அவ்வளவா பாராட்டல. வருஷக் கடைசியில அந்த ஆண்டின் சிறந்த பத்துப் படங்கள் பட்டியல்ல அதே படத்தைச் சேர்த்தார். படத்துல ஒரு ஃப்ரேம்கூட மாறல. மாறினது பார்த்தவர் கருத்து மட்டும்தான்.

குண்டான 40 வயசு நார்மனை ஒல்லியாக்கினப்ப, கொலைகாரன் மேல பரிதாபப்பட ஒரு கதவு திறந்துச்சு. ‘மூடுபனி’ அதே கதவு வழியாத்தான் வருது, கையில ஒரு கிட்டாரோட.

ஷோபா

படத்தை இன்னைக்குப் பாக்கறவங்களுக்கு ஒரு விஷயம் தெரியாமப் போக வாய்ப்பு இருக்கு. ‘மூடுபனி’ திரைக்கு வந்தப்ப ஷோபா உயிரோட இல்ல. 1980 மே 1-ம் தேதி இறந்துட்டாங்க. வயசு 17.

அந்த வயசுக்குள்ள என்னென்ன பண்ணியிருந்தாங்க தெரியுமா? 1978-ல ‘முள்ளும் மலரும்’ படத்துல ரஜினியோட தங்கச்சி வள்ளி. அதுக்கும் ஒளிப்பதிவு பாலு மகேந்திராதான், அதுவும் உமாசந்திரன் நாவல்ல இருந்து எடுத்த படம்தான். 1979-ல ‘பசி’, குப்பை பொறுக்கற பொண்ணு. அதுக்கு சிறந்த நடிகைக்கான தேசிய விருது. ‘பசி’யை இயக்கினவர் துரை. ஆவிப் படம்னு சொன்னேனே, ‘ஆயிரம் ஜென்மங்கள்’, அதுவும் அவர் படம்தான்.

அன்னைக்குத் தியேட்டர்ல உக்காந்திருந்தவங்களுக்கு செய்தி தெரியும். திரையில ஒரு பொண்ணு எப்படியாவது உயிரோட தப்பிக்கணும்னு போராடறா. அவ இப்ப இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டே பாக்கறாங்க. இதை எந்த இயக்குநரும் திரைக்கதையில எழுத முடியாது. எங்க பெரியம்மாகிட்ட ‘மூடுபனி’ன்னதும் அவங்க கொலையைப் பத்திப் பேசல, பாட்டைப் பத்திப் பேசல. “பாவம் கண்ணு, அந்தப் புள்ள ஷோபா”ன்னு மட்டும்தான் சொன்னாங்க.

ஷோபா இந்தப் படத்துல செய்யறது ரொம்ப நுட்பமான வேலை. அடைச்சு வச்ச பொண்ணு கத்தி அழுது ஆர்ப்பாட்டம் பண்றது ஈஸி. ரேகா கொஞ்ச நேரத்துலயே கணக்குப் போட ஆரம்பிச்சுடறா. இவன்கிட்ட எதிர்த்துப் பேசினா உயிர் போகும். அன்பாப் பேசினா கொஞ்ச நேரம் கிடைக்கும். அதனால அவளும் நடிக்கிறா. ஒரு நடிகை, பயத்தை மறைச்சு நடிக்கற ஒரு பொண்ணா நடிக்கிறாங்க. முகத்துல ரெண்டு அடுக்கு ஓடணும். மேல சிரிப்பு, கீழ கணக்கு.

மூணு கருத்து

‘மூடுபனி’ பத்தி பேசறவங்களை நான் மூணு குரூப்பாப் பிரிச்சு வச்சிருக்கேன்.

முதல் குரூப்: “இது ‘சைக்கோ’ காப்பி.” சினிமா தெரிஞ்ச பசங்க பெரும்பாலும் இந்தப் பக்கம். அம்மா மேல பைத்தியமான பாசம், மென்மையான கொலைகாரன், சரி, அதுல இருந்து எடுத்தது தெளிவாவே தெரியுது. ஆனா ‘சைக்கோ’வுல அவன் கையில மாட்டற பொண்ணு முதல் பாதியிலேயே செத்துப் போறா. ‘மூடுபனி’யில உயிரோட இருக்கா, படத்தோட பின்பாதியே அவ தப்பிக்கிறாளா இல்லையாங்கறதுதான். இது சின்ன வித்தியாசம் இல்ல.

ரெண்டாவது குரூப்: “பாவம், அவன் சின்ன வயசுல பட்ட கஷ்டம் அப்படி.” வயசு வித்தியாசம் இல்லாம ஆம்பளைங்க நிறையப் பேர் இதைச் சொல்றாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, படமே அந்தக் காரணத்தைக் கையில கொடுக்குது. ஃப்ளாஷ்பேக் வருது, அம்மா அழறாங்க, பையன் பாக்கறான். என் வேலையில இதை ரூட் காஸ்னு சொல்லுவோம். சிஸ்டம் ஏன் விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்கறது. ஆனா காரணத்தைக் கண்டுபிடிச்சா அது சரின்னு ஆயிடாது. விழுந்தது விழுந்ததுதான்.

இன்னொண்ணும் கவனிங்க. சந்துருவுக்கு ஃப்ளாஷ்பேக் இருக்கு. அவன் கையால செத்த பெண்களுக்கு இருக்கா? அவங்க எந்த ஊர், ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தாங்க, அவங்களுக்கு ஒரு புள்ளை இருந்துச்சா, அந்தப் புள்ளை எதைப் பார்த்து வளரும்? அதைப் படம் கேக்கல. பாக்கற நாமளும் கேக்கல. செத்தது ‘அந்த மாதிரி’ பெண்கள்னு முதல் காட்சியிலேயே ஒதுக்கி வச்சாச்சு. ரேகா ‘நல்ல குடும்பத்துப் பொண்ணு’ங்கறதால அவளுக்கு மட்டும் நம்ம பதட்டம் கிடைக்குது. படத்துல எனக்கு இன்னைக்கும் உறுத்தற இடம் இதுதான்.

மூணாவது குரூப்: “பாட்டு சூப்பர்.” இவங்கதான் மெஜாரிட்டி. படமே பாத்திருக்க மாட்டாங்க.

இந்த மூணுலயும் சேராத ஒரு கருத்தை எங்க சித்திகிட்ட கேட்டேன். சித்தி உடுமலைப் பக்கம் ஒரு நூல் மில்லுல ரொம்ப வருஷம் வேலை பாத்தவங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு மில் வேன் மெயின் ரோட்டுல இறக்கி விடும். அங்க இருந்து வீடு வரைக்கும் இருட்டுல நடக்கணும். மார்கழி மாசம் அமராவதிப் பக்கத்துல இருந்து பனி ஏறுச்சுன்னா பத்தடி தள்ளி வர்ற ஆள் தெரியாது. திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஒண்ணரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி ரூமுக்குப் போற பொண்ணுங்ககிட்ட கேட்டாலும் இதே கதையைச் சொல்லுவாங்க. சித்தி படத்தை டிவியில பாத்திருக்காங்க. அந்தப் பாட்டு பிடிக்குமான்னு கேட்டேன்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கும். ஆனா அவன் பாடறப்ப அந்தப் புள்ள பாட்டையா கேட்டுட்டு இருந்திருக்கும்? இது முடியறதுக்குள்ள எப்படி வெளிய போறதுன்னுதான் நெனச்சிட்டு இருந்திருக்கும்.”

படத்தைப் பத்தி நான் படிச்ச எதுலயும் இதைவிடச் சரியான ஒரு வரி கிடைக்கல. நாம எல்லாரும் பாடறவன் பக்கத்துல உக்காந்து பாட்டைக் கேக்கறோம். சித்தி கேக்கறவ இடத்துல உக்காந்து கேட்டிருக்காங்க. அங்க உக்காந்தா அது காதல் பாட்டு இல்ல. நாலஞ்சு நிமிஷம் ஓடற ஒரு திகில் காட்சி.

நாப்பது வருஷம் கழிச்சு

2020 ஜனவரி. மிஷ்கினோட ‘சைக்கோ’ வருது. பேரே ‘சைக்கோ’. இசை அதே இளையராஜா. கதை நடக்கறது நம்ம பக்கத்துக் கோயம்புத்தூர்ல. பெண்களைக் கடத்திட்டுப் போய் தலையை வெட்டற ஒருத்தன். அவனுக்கும் குழந்தைப் பருவக் கொடுமை இருக்கு. கடத்தப்பட்ட தாகினி, அதாவது அதிதி ராவ் ஹைதரி, கடைசியில அவனை ஒரு குழந்தையாப் பாக்கறா. புத்தரோட அங்குலிமாலன் கதையை மனசுல வச்சு எடுத்த படம்.

வந்த உடனே சண்டை. “இத்தனை பேரை வெட்டினவனுக்கு மன்னிப்பா?”ன்னு ஒரு பக்கம். “கருணைன்னா அதுதானே, தகுதி பார்த்துக் கொடுத்தா அது கருணையா?”ன்னு இன்னொரு பக்கம். படத்துல ஹீரோவே தனக்கு விருப்பமில்லைன்னு சொல்ற பொண்ணு பின்னாடி சுத்தறான், அதுக்கும் ஒரு அழகான பாட்டு இருக்குன்னு மூணாவதா ஒரு குரல். அந்தக் குரல் பெரும்பாலும் பெண்களோடது.

இதுல எனக்கு ஒரு நம்பிக்கை தெரியுது. சந்துருவோட ஃப்ளாஷ்பேக்கை பெரும்பாலானவங்க கேள்வியில்லாம ஏத்துக்கிட்டாங்க. 2020-ல அதே மாதிரி ஃப்ளாஷ்பேக்கை முதல் வாரத்துலயே நிறுத்திக் கேள்வி கேட்டாங்க. மிஷ்கின் பதில் சரியா தப்பாங்கறதுல நீங்க எந்தப் பக்கம் வேணா இருங்க. ஆனா செத்தவங்க சார்புல ஒருத்தர் எழுந்து நின்னு கேக்கறது இப்ப சகஜமாயிருக்கு. எங்க சித்தி டிவி முன்னாடி தனியா நினைச்சதை இப்ப நிறையப் பேர் சத்தமாச் சொல்றாங்க.

அப்ப பாட்டைக் கேக்கக் கூடாதா?

கேளுங்க. நானும் கேப்பேன். அந்தப் பாட்டை ஒதுக்கி வைங்கன்னு சொல்ல வரல.

அந்தப் பாட்டு அவ்வளவு அழகா இருக்கறது படத்தோட தப்பு இல்லைங்கறது என் கருத்து. அதுதான் படத்தோட கெட்டிக்காரத்தனம். அங்க கொடூரமான இசை போட்டிருந்தா நாம உஷாராயிருப்போம், ‘யார் நீ?’ படத்து வெள்ளைப் புடவை மாதிரி அது ஒரு யூனிஃபார்ம் ஆகியிருக்கும். மனசை உருக்கற பாட்டைக் கொடுத்து, பாடற வாய் யாரோடதுன்னு அதே ஃப்ரேம்ல காட்டறாங்க. நல்லாப் பாடறவன் நல்லவன், மெதுவாப் பேசறவன் ஆபத்தில்லாதவன், கண் கலங்கறவன் கை ஓங்க மாட்டான்னு நம்மகிட்ட ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கு தப்புன்னு பாலு மகேந்திரா படமா எடுத்துக் காட்டிட்டார்.

நாம என்ன பண்ணோம்? கேசட் வந்துச்சு, ரேடியோ வந்துச்சு, எம்பி3 வந்துச்சு. பாட்டை எடுத்துக்கிட்டு படத்தைக் கழட்டிப் போட்டுட்டோம். பாடறவன் நம்ம காதுல இருக்கான். கேட்டுக்கிட்டு இருந்த பொண்ணு ஃப்ரேமோட சேர்ந்து காணாமப் போயிட்டா. ‘மூடுபனி’ங்கற பேரு படத்தைவிட நமக்குத்தான் நல்லாப் பொருந்துது.

பிரதாப் போத்தன் 2022 ஜூலையில இறந்தப்ப என் டைம்லைன் முழுக்க அந்தப் பாட்டுதான். நல்ல நடிகருக்கு நல்ல அஞ்சலி. அவர் அந்தப் பாட்டுல எவ்வளவு பயங்கரமான ஒரு ஆளா நடிச்சிருந்தார்ங்கறதையும் சேர்த்துச் சொல்லியிருந்தா, அது அவருக்கு இன்னும் பெரிய மரியாதையா இருந்திருக்கும்.

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை தர்றேன். ‘மூடுபனி’யைத் தேடிப் பிடிச்சு முழுசாப் பாருங்க. தனியாப் பாக்காதீங்க. அம்மா, சித்தி, அக்கா, ஹாஸ்டல் ரூம்மேட், யாராவது ஒரு பெண் பக்கத்துல இருக்கட்டும். பாட்டு வர்றப்ப திரையைப் பாக்கறதோட அவங்க முகத்தையும் ஒரு தடவை பாருங்க. முடிஞ்சதும், “இப்ப என்ன நெனச்சீங்க?”ன்னு கேளுங்க. அவங்க சம்மதிச்சா அந்தப் பதிலை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துப் பேசுவோம்.

இதுவரைக்கும் பாடினவன் சொன்னதை நிறையக் கேட்டுட்டோம். இந்தத் தடவை கேட்டவங்க பேசட்டும்.